மன உறுதி வகுப்பு போதும், மாற்று ஆள் கொடுங்கள்

வடசென்னையில் மணலி, எண்ணூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பகுதிகளில் ஆலை, கிடங்கு, கன்டெய்னர் யார்டு, கடை நடத்தும் நிர்வாகங்களுக்கும் அவற்றின் மனிதவளத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

கொஞ்ச காலமாக நம் பகுதி நிறுவனங்களில் ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளரை அழைத்து, கேன்டீன் ஹாலில் நாற்காலி போட்டு, வேலை அழுத்தத்தை எப்படித் தாங்குவது என்று தொழிலாளர்களுக்கு வகுப்பு எடுக்கிறீர்கள். மூச்சுப் பயிற்சி, நல்லதையே நினைக்கும் பழக்கம், கோபத்தை அடக்கும் வழி என்று அரை நாள் போகிறது. நைட் ஷிப்ட் முடித்தவர்களும் வீட்டுக்குப் போகாமல் அதில் உட்கார வேண்டியிருக்கிறது. வகுப்பு எடுப்பவர்களில் பலர் அக்கறையோடுதான் பேசுகிறார்கள். நீங்களும் நல்ல எண்ணத்தில்தான் ஏற்பாடு செய்கிறீர்கள் என்று நம்புகிறேன். ஆனால் வகுப்பு முடிந்து நாங்கள் திரும்பிப் போகிற வேலை அப்படியே இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் ஒரு கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் இன்சார்ஜ். பெட்டிக் கணக்கு எழுதும் டேலி கிளார்க்காகச் சேர்ந்து இந்த இடத்துக்கு வந்தவன். பிறந்தது வளர்ந்தது எல்லாம் திருவொற்றியூர். மேலேயிருந்து வரும் டார்கெட்டைக் கீழே கொண்டு சேர்ப்பதும், கீழே இருக்கும் களைப்பை மேலே சொல்வதும் என் வேலை. முதல் வேலைக்கு மெயில், வாட்ஸ்அப் குரூப், தினசரி ரிப்போர்ட் எல்லாம் இருக்கின்றன. இரண்டாவதற்கு ஒன்றும் இல்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். அழுத்தம் ஏறும்போது ஒருவர் தாக்குப்பிடிப்பாரா, தாக்குப்பிடித்து வேலையையும் ஒழுங்காகச் செய்வாரா என்பது பெரும்பாலும் அவருடைய மனத்திடத்தைப் பொறுத்து அமைவதில்லை. எத்தனை மணி நேரம் வேலை, எப்போது ஓய்வு, அவரை விடுவிக்க மாற்று ஆள் உண்டா, மேலே இருப்பவர் காது கொடுத்துக் கேட்கிறாரா என்பவற்றைப் பொறுத்தே அமைகிறது. இவை எல்லாமே உங்கள் கையில் இருப்பவை.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மழைக்காலம். பேசின் பிரிட்ஜ் பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி, கும்மிடிப்பூண்டி லைனில் ரயில்கள் நின்றுவிட்டன. கன்டெய்னர் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ரீச் ஸ்டாக்கர் வண்டிக்கு நைட் ஷிப்டில் வர வேண்டிய ஆபரேட்டரால் வர முடியவில்லை. மதியம் 2 மணிக்கு வந்தவரையே தொடரச் சொன்னார்கள். கப்பல் காத்திருக்கிறது, ட்ரெய்லர்கள் ரோட்டில் வரிசை கட்டி நிற்கின்றன, வேறு ஆள் இல்லை. அவரும் மறுக்கவில்லை. விடியற்காலை 4 மணி வாக்கில் அவர் இறக்கிய பெட்டி பக்கத்து அடுக்கின் முனையில் தட்டிச் சாய்ந்தது. கீழே ஆள் இல்லாததால் உயிர் போகவில்லை. காலையில் அவருக்கு மெமோ வந்தது. காரணம், கவனக்குறைவு. அடுத்து நடந்த மன உறுதி வகுப்புக்கான பட்டியலில் அவர் பெயர்தான் முதலில் இருந்தது.

அந்த விசாரணைப் படிவம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. வண்டி கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது, டயர் எப்படி, பிரேக் எப்படி, விளக்கு எரிந்ததா என்று வரிசையாகக் கேள்விகள். ஓட்டியவர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று ஒரு கேள்வி இல்லை. காலை 7 மணிக்கு எழுந்த மனிதர் அவர். விபத்து நடந்தபோது 21 மணி நேரமாக விழித்திருந்தார்.

இதைப் பற்றி அறிவியல் தெளிவாகப் பேசியிருக்கிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் செயல்படும் வேகம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் வேகத்துக்கு இறங்கிவிடுகிறது என்று 1990களின் கடைசியில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டார்கள். நம் மோட்டார் வாகனச் சட்டம் வண்டி ஓட்ட அனுமதிக்கும் அளவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். அப்படியானால் காலை 6 மணிக்கு எழுந்தவர் இரவு 11 மணிக்கே, குடித்துவிட்டு ஓட்டுகிறார் என்று போலீஸ் பிடிக்கும் நிலையைத் தாண்டிவிடுகிறார். நம் யார்டு கேட்டுகளில் டிரைவர்களை ஊதச் சொல்லிச் சோதிக்கிறோம். சரியான வேலைதான், நானே நின்று செய்திருக்கிறேன். அதே கேட்டில், தொடர்ந்து இரண்டு ஷிப்ட், அதாவது டபுள் டியூட்டி, பார்ப்பவரை ஒரு கேள்வியும் கேட்காமல் பல டன் எடையைத் தூக்கும் வண்டியில் மறுபடி ஏற்றுகிறோம். இதை எந்தப் பயிற்சியாலும் சரிசெய்ய முடியாது. தூங்காத மூளைக்கு மன உறுதி வேலை செய்யாது.

அழுத்தமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கப்பல் வந்து நிற்கிற இரவில் யார்டில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், நம் ஆட்கள் அதை எவ்வளவு பெருமையோடு செய்கிறார்கள் என்று. காசிமேட்டில் விசைப்படகு கரை சேரும் நேரத்தின் பரபரப்பைப் பார்த்து வளர்ந்தவர்கள் இவர்களில் பலர். அவசரம் இவர்களுக்குப் புதிதில்லை. எந்த அழுத்தம் ஆளை வளர்க்கிறது, எது உடைக்கிறது என்பதுதான் கேள்வி.

இதற்கு ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979இல் ஒரு விடை சொன்னார். வேலைச் சுமை அதிகமாக இருப்பது மட்டும் ஆளைக் கெடுப்பதில்லை. சுமையும் அதிகமாக இருந்து, அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமையும் இல்லாதபோதுதான் மனமும் உடலும் நொறுங்குகின்றன. சுமை அதிகம், ஆனால் உரிமையும் இருக்கிறது என்றால் அந்த வேலையில் ஆள் கற்றுக்கொள்கிறார், வளர்கிறார். லண்டன் அரசு ஊழியர்களிடம் 1967இலும் 1985இலும் தொடங்கி நெடுங்காலம் நடந்த இரண்டு ஆய்வுகளும் இதை ஒட்டியே வந்தன. இதய நோய் அதிகம் தாக்கியது உயர் அதிகாரிகளை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். உண்மையில் கீழ்நிலை ஊழியர்களைத்தான் அது அதிகம் தாக்கியது. தன் வேலை மீது தனக்குப் பிடிமானம் இல்லாதது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இதை நான் என் யார்டிலேயே பார்க்கிறேன். பெட்டிகளை இறுக்கிக் கட்டும் லாஷிங் கேங்குக்கு முன்கூட்டியே, நாளை இரவு இத்தனை பெட்டி, கப்பல் இந்த நேரம், நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டால், அவர்களுக்குள் யார் முதலில் போவது, யார் எப்போது டீ குடிப்பது, முட்டி வலி இருக்கிற பெரியவரை எங்கே நிறுத்துவது என்று எல்லாம் பேசி முடித்துவிடுவார்கள். வேலை ஓடும். அதே கேங்குக்கு, அதே எண்ணிக்கைக்கு, ராத்திரி 12 மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஆர்டர், 1 மணிக்கு அதை மாற்றி இன்னொன்று, 2 மணிக்கு ஏன் தாமதம் என்று ஒரு போன் என்று போனால் மூன்றாவது மணி நேரத்தில் தப்பு நடக்கத் தொடங்கிவிடும். பெட்டி எண்ணை மாற்றி எழுதுவார்கள், சீல் எண்ணைச் சரிபார்க்காமல் விடுவார்கள், ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வார்கள். ஆட்கள் அவர்களேதான். நீங்கள் அப்ரைசலில் இரண்டாவது இரவின் கணக்கை மட்டும் பார்த்து, இந்த கேங்குக்கு அழுத்தத்தைத் தாங்கும் திறன் இல்லை என்று எழுதுகிறீர்கள்.

வகுப்புகளால் என்ன பலன் என்பதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஃபிளெமிங் பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் விவரங்களை ஆராய்ந்து 2024இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மன உறுதிப் பயிற்சி, மன அழுத்த மேலாண்மை, தியானம், தூக்கத்துக்கான செயலி போன்றவற்றில் கலந்துகொண்டவர்களையும் கலந்துகொள்ளாதவர்களையும் ஒப்பிட்டபோது, கலந்துகொண்டவர்கள் எந்த விதத்திலும் மேலாக இல்லை. தனி ஆளைத் திருத்தும் முயற்சியைவிட வேலை அமைப்பைத் திருத்துவதே வழி என்றுதான் அவரும் முடிக்கிறார். உலக சுகாதார நிறுவனமும் 2019இல் வேலையால் வரும் முற்றிலுமான களைப்பைத் தன் நோய் வகைப்பாட்டில் சேர்த்தபோது அதை ஒரு தனி மனிதரின் நோய் என்று எழுதவில்லை. வேலையிடத்தில் நீண்டகாலம் கையாளப்படாமல் விடப்பட்ட அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுத்தது. சோர்வு, வேலையின் மீது வெறுப்பு அல்லது விலகல், செயல்திறன் குறைவு என்று மூன்று அடையாளங்களைச் சொன்னது. உங்கள் அப்ரைசலில் இந்த மூன்றாவதை மட்டும்தான் பதிவு செய்கிறீர்கள்.

அதே நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட கணக்கு இன்னும் கடுமையானது. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். ஆறு நாள் வேலையும் வாரத்தில் இரண்டு டபுள் டியூட்டியும் பார்ப்பவர் 64 மணி நேரம் வேலை செய்கிறார். நம் யார்டுகளில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் பஞ்ச் மெஷினே சொல்லும்.

இந்த இடத்தில் நீங்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். அவர்களே வந்து கூடுதல் நேர வேலை, ஓ.டி., கேட்கிறார்களே என்பீர்கள். ஆமாம், கேட்கிறார்கள். என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். ஏன் கேட்கிறார்கள் என்றும் எனக்குத் தெரியும். அடிப்படைச் சம்பளத்தில் வாடகை கொடுத்து, மளிகை வாங்கி, பிள்ளைகளின் ஸ்கூல் பீஸ் கட்டி, குழுக் கடன் தவணை கட்ட முடியாது. ஓ.டி. இல்லாத மாதத்தில் நகை அடகுக்குப் போகிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஆனாலும் சரி, அதன் இடத்துக்கு வந்திருக்கிற 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டம் ஆனாலும் சரி, கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்கின்றன. கூடுதல் நேர வேலை நிர்வாகத்துக்குச் செலவு பிடிக்கும் விஷயமாக இருந்தால்தான் அது அபூர்வமாக நடக்கும் என்பதே அந்த ஏற்பாட்டின் நியாயம். கான்ட்ராக்ட் ஆட்கள் பலருக்கு ஒற்றைக் கூலிதான் கைக்கு வருகிறது. இரட்டிப்பை ஒழுங்காகக் கொடுத்துப் பாருங்கள், கூடுதலாக ஆள் எடுப்பது எவ்வளவு மலிவு என்று உங்கள் கணக்குப் பிரிவே சொல்லிவிடும்.

அப்புறம் தூக்கம். நைட் ஷிப்ட் பார்ப்பவர் பகலில் தூங்கிக்கொள்ளலாமே என்று சொல்பவர்கள் ஒரு மே மாதத்துப் பகலில் கொருக்குப்பேட்டையிலோ எர்ணாவூரிலோ ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை வீட்டில் படுத்துப் பார்க்க வேண்டும். பத்துக்குப் பத்து அறை. குழந்தை அங்கேதான் விளையாடும், சமையல் அங்கேதான் நடக்கும். தண்ணி லாரி வந்தால் குடத்தோடு எழுந்து ஓட வேண்டும். கூரையிலிருந்து இறங்கும் சூட்டில் ஃபேன் காற்று நெருப்பாக வீசும். கரண்ட் போனால் அதுவும் இல்லை. இப்படி மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் அரைத் தூக்கம் தூங்கிவிட்டு மறுபடி இரவு 10 மணிக்கு வருகிறார்கள். சிலர் தூக்கம் வருவதற்காகவே குடிக்கத் தொடங்குகிறார்கள். வடசென்னைத் தொழிலாளி என்றாலே குடிதான் பிரச்சினை என்று பேசும் அதிகாரிகள் இருக்கிறார்கள். குடி பிரச்சினைதான், பல குடும்பங்கள் அதில் அழிவதை நான் தினமும் பார்க்கிறேன். ஆனால் காலை 7 மணிக்கு வெயிலில் வீடு திரும்பி, எப்படியாவது தூங்கியாக வேண்டும் என்று தவிக்கும் மனிதரை அந்த நிலையில் வைத்தது எந்த ரோஸ்டர், எந்த ஷிப்ட் அட்டவணை என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். இரவு வேலையே புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007இல் வகைப்படுத்தியது, 2019இல் அதை மறுபடி உறுதி செய்தது. இரவு வேலையை நிறுத்த முடியாது, துறைமுகம் தூங்காது. ஆனால் தொடர்ந்து எத்தனை இரவு, இரண்டு ஷிப்டுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி, காலை ஷிப்டிலிருந்து மதியத்துக்கும் மதியத்திலிருந்து இரவுக்கும் மாற்றுகிறோமா, இல்லை தலைகீழாக இரவிலிருந்து பின்னோக்கி இழுக்கிறோமா என்பதெல்லாம் ஒரு பேப்பரில் தீர்மானிக்கக்கூடியவை. முன்னோக்கி மாற்றுவதைத்தான் உடம்பு சுலபமாக ஏற்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது நம் பகுதிக்கே உரியது. மற்ற இடங்களில் வேலையிடத்து அழுத்தம் வேறு, வீட்டு அழுத்தம் வேறாக இருக்கலாம். இங்கே ஆலையும் வீடும் ஒரே காற்றைச் சுவாசிக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. வீட்டுச் சுவரில் கறுப்புக் கோடு, வலையில் எண்ணெய், படகில் எண்ணெய். அந்த மாதமே, 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண் எரிய, மூச்சு முட்ட, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அந்த வீடுகளிலிருந்து காலை ஷிப்டுக்கு வர வேண்டியவர்களும் இருந்தார்கள். வராதவர்களுக்குத் தகவல் இல்லாத விடுப்பு என்று போடப்பட்டதை நான் அறிவேன். வந்தவர்கள் எந்த நிலையில் வந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. தாக்குப்பிடிப்பது எப்படி என்று எண்ணூர்க்காரருக்குச் சொல்லித் தரும் தேவை யாருக்கும் இல்லை. அவருக்கு அன்று வேண்டியிருந்தது சம்பளம் பிடிக்காத இரண்டு நாள் விடுப்பு.

கடை முதலாளிகளையும் இந்த மடலில் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் துணிக்கடைப் பெண்கள் எப்படி நிற்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். காலையில் ஷட்டர் திறப்பது முதல் ராத்திரி வரை நின்றபடியே நூறு புடவை பிரித்து, நூறு புடவை மடித்து, வாங்காமல் போகிறவருக்கும் சிரித்த முகம் காட்ட வேண்டும். 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்க வேண்டியதில்லை, உட்கார வசதி தர வேண்டும் என்று அரசு கட்டாயமாக்கியது. நாற்காலி போட்டிருக்கிறார்கள் பல கடைகளில். அதில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார். கழிப்பறைக்குப் போகும் நேரத்தைக் கணக்கெடுக்கிறார்கள் என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்களை எனக்குத் தெரியும், அவர்களில் என் உறவுக்காரப் பெண்ணும் ஒருத்தி. மாலையில் அவள் முகத்தில் சிரிப்பு குறைகிறது என்று கஸ்டமர் கேர் பயிற்சிக்கு அனுப்புவதைவிட, பத்து நிமிடம் உட்கார விடுவது எளிது.

நம் ஊருக்கு இந்த விஷயத்தில் பெரிய வரலாறு இருக்கிறது. பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களை வைத்து 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் அது. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் போன்றோர் முன்நின்றார்கள். அந்தத் தொழிலாளர்களின் முதல் குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது. சாப்பிட நேரம் வேண்டும் என்பதில்தான் இந்த நாட்டின் தொழிற்சங்க இயக்கமே பேசத் தொடங்கியது. அதன் பிறகு எட்டு மணி நேரம் சட்டமானது. 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்டிக்க வழி செய்யும் திருத்த மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்ததும் நிறுத்தி வைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். சட்டத்தில் வராத பன்னிரண்டு மணி நேரம், ஆள் பற்றாக்குறை என்ற பெயரில் எங்கள் பஞ்ச் கார்டில் வந்துகொண்டே இருக்கிறது.

ஆள் பற்றாக்குறை என்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை மணலியில் ரசாயன ஆலை நடத்துபவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்ததற்கு முன்பு, செலவைக் குறைப்பதற்காக அந்த ஆலையின் மெத்தில் ஐசோசயனேட் பிரிவில் ஒரு ஷிப்டுக்கு 12 பேர் இருந்ததை 6 பேராகக் குறைத்திருந்தார்கள். இரவு ஷிப்டில் பராமரிப்பு மேற்பார்வையாளர் பணியிடமே எடுக்கப்பட்டிருந்தது. அன்றிரவு அங்கே வேலையில் இருந்தவர்களுக்கு மன உறுதி குறைவு என்று யாரும் சொல்ல முடியாது.

சரி, என்ன செய்ய வேண்டும்? எல்லாவற்றுக்கும் முன்னால் மாற்று ஆள். ரிலீவர் என்று நாங்கள் சொல்லும் ஆட்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் கணக்குக்கு மேல் சிலர் இருக்க வேண்டும், வேலை தெரிந்தவர்களாக, எல்லா வண்டியும் ஓட்டப் பழகியவர்களாக. இப்போது எங்களிடம் இருப்பது ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் இரட்டிப்பாகச் செய்யும் ஏற்பாடு. லீவு கேட்பவர் குற்றவாளி போல நிற்கிறார், ஏனென்றால் அவருடைய லீவு அவருடைய நண்பரின் முதுகில் ஏறுகிறது. காய்ச்சலோடு வருகிறார்கள். அண்ணன் கல்யாணத்துக்கு அரை நாள் போய்விட்டு வருகிறார்கள். ஒரு பருவத்தில் எங்கள் ஷிப்டுக்கு இரண்டு ரிலீவர் கிடைத்தார்கள், வேறொரு பிரிவில் வேலை குறைந்ததால் எங்கள் பக்கம் அனுப்பப்பட்டவர்கள். அந்தப் பருவம் முழுக்க ஷிப்டில் சண்டை குறைந்தது, பெட்டிக்கு அடிபடுவது குறைந்தது, ஆட்கள் லீவு எடுப்பதும்கூடக் குறைந்தது. கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் தேவைப்படும்போது மட்டும்தான் கேட்டார்கள். பிறகு அந்த இருவரும் திரும்ப அழைக்கப்பட்டார்கள், பழையபடி ஆனது.

வண்டி ஓட்டுபவர்களுக்கும் உயரத்தில், ரசாயனத்தில் வேலை செய்பவர்களுக்கும் டபுள் டியூட்டி கூடவே கூடாது என்று எழுத்தில் போடுங்கள். கப்பல் நின்றாலும் கூடாது. ஒரு இன்சார்ஜ் அதை மீறாமல் வேலையை நிறுத்தினால் அவரைக் கேள்வி கேட்காதீர்கள். இந்த வரி எனக்காகவும் நான் கேட்பது. ராத்திரி 3 மணிக்கு நிறுத்து என்று சொல்ல எனக்கு அதிகாரம் இருப்பதாகப் பாதுகாப்புக் கையேட்டில் இருக்கிறது. சொன்னால் காலையில் என்ன நடக்கும் என்பது கையேட்டில் இல்லை.

ரோஸ்டரை முன்கூட்டியே ஒட்டுங்கள். ஒட்டியதை மாற்ற வேண்டியிருந்தால் சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு மாற்றுங்கள். சின்ன விஷயமாகத் தெரியும். அடுத்த வாரம் எந்த ஷிப்ட் என்று தெரியாத அப்பாவால் பிள்ளையின் ஸ்கூல் மீட்டிங்குக்குப் போக முடியாது, ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு வாங்கிய தேதியில் கூட்டிப் போக முடியாது.

பயிற்சிக்குச் செலவழிக்கும் பணத்தை நிறுத்தச் சொல்லவில்லை, அந்த வகுப்பில் உட்காரும் ஆளை மாற்றுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்கின்றன. தனக்குக் கீழ் இருப்பவர் மனம் உடைந்திருக்கிறார் என்பதை அடையாளம் காண, அவமானப்படுத்தாமல் பேச, சுமையைக் குறைத்துக் கொடுக்கக் கற்றுக்கொடுப்பது அது. எங்களைப் போன்ற இன்சார்ஜ்களுக்கும் எங்களுக்கு மேலே இருப்பவர்களுக்கும் அந்த வகுப்பைக் கொடுங்கள். யாரும் சொல்லித் தராததால் நாங்கள் எங்களைத் திட்டியவர்களைப் பார்த்துத்தான் திட்டக் கற்றுக்கொண்டிருக்கிறோம். கூடவே, 14416 என்ற டெலி மனஸ் எண்ணை நோட்டீஸ் போர்டில் போடுங்கள், அதில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. நிறுவனத்தில் ஆலோசகர் இருந்தால் அவரிடம் பேசியது மனிதவளத் துறைக்கு வராது என்று உறுதி கொடுங்கள். அந்த உறுதி இல்லாதவரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

விபத்து நடக்காமல் தப்பிய சம்பவங்களைச் சொல்பவருக்கு மெமோ கொடுக்காதீர்கள். அந்த ரீச் ஸ்டாக்கர் ஆபரேட்டருக்கு மெமோ கொடுத்த பிறகு அந்த யார்டில் அப்படி ஒரு சம்பவமும் பதிவாகவில்லை. நடக்காமல் இல்லை, எங்களுக்குள்ளேயே முடித்துக்கொண்டோம். உங்கள் பாதுகாப்பு போர்டில் பூஜ்யம் என்று எழுதியிருந்தது.

இவை எல்லாம் கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் சேர்த்துத்தான். யார்டில் கடினமான வேலையில் பாதிக்கு மேல் அவர்கள் தலையில். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து மாதவரம் பக்கம் ஒரு அறையில் எட்டுப் பேராகத் தங்கியிருப்பவர்களுக்கு இங்கே புகார் சொல்ல மொழியும் இல்லை, ஆளும் இல்லை. கான்ட்ராக்டரைக் கேளுங்கள் என்று சொல்லி அவர்களை விட்டுவிடாதீர்கள். அவர்கள் தூக்குவது உங்கள் சரக்கு.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது என்பதைப் புரிந்துகொள்கிறேன். ஒன்றை மட்டும்தான் இந்த ஆண்டு செய்ய முடியும் என்றால் ரிலீவர் ஆட்களை எடுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும், ரயிலும் பஸ்ஸும் நிற்கும், வழக்கம்போல ஷிப்டுக்குப் பாதிப் பேர் வர முடியாமல் போவார்கள். ஆள் எடுத்து, மருத்துவப் பரிசோதனை முடித்து, கேட் பாஸ் போட்டு, வண்டியில் பழக்கித் தனியாக விடுவதற்குச் சில மாதங்கள் ஆகும். ஜூலைக்குள் ஆள் வந்தால்தான் மழைக்குத் தயாராக இருப்பார்கள். பழக்கிவிடும் பொறுப்பை என்னைப் போன்ற இன்சார்ஜ்கள் எடுத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு ஷிப்ட் இன்சார்ஜ்,
திருவொற்றியூர்.